பூசணம் பிடித்த கடலையைக் கோழிக்குப் போடலாமா?

கேள்வி: சுங்கை சிப்புட் பக்கம், தோட்ட வீட்டுக்குப் பின்னால் நிலக்கடலை போட்டேன். பிடுங்கிய வாரம் விடாத மழை. சாக்கில் கட்டி வைத்த கடலையில் இப்போது பச்சைப் பூசணம். வறுத்தால் சரியாகிவிடும் என்கிறார் மனைவி. கோழிக்காவது போடலாமா?

பதில்: இரண்டுமே வேண்டாம். வறுத்தால் பூசணம் சாகும். அது கடலைக்குள் விட்டுப்போன அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு முழுதாகப் போகாது. கல்லீரலைத் தாக்குவது அதுதான். நாள்பட்டால் புற்றுநோய் வரை கொண்டுபோகும். 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சம் வான்கோழிகள் செத்தபோது, தீவனத்தில் இருந்த கடலைப் பிண்ணாக்கைத் துருவித்தான் இந்த நஞ்சையே கண்டுபிடித்தார்கள். கோழி ஓரளவு தாங்கும், வாத்து தாங்காது. மாட்டுக்கு வைத்தால் பாலில் இறங்கும். நம் பேரா மாநிலத்தில் 1988இல் நூடல்ஸ் சாப்பிட்டு 13 பிள்ளைகள் இறந்ததற்கும் மருத்துவர்கள் சொன்ன காரணம் இதே நஞ்சுதான்.

நல்லதாகத் தெரிவதைப் பொறுக்கிக்கொள்ளலாமே என்பீர்கள். நஞ்சு கண்ணுக்குத் தெரியாது. ஒரு சாக்கு என்றால் நான் மொத்தத்தையும் குழி தோண்டிப் புதைத்துவிடுவேன், கடலைப் பாத்தியை விட்டுத் தள்ளி. மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள்.

மழையை மட்டும் திட்டாதீர்கள். இந்தப் பூசணம் மண்ணிலேயே இருக்கிறது. ஹைதராபாத் அருகே பட்டான்செருவில் உள்ள இக்ரிசாட் என்ற பன்னாட்டு ஆய்வு நிலையம் இதைப் பல காலமாக ஆராய்கிறது. காய் முற்றும் கடைசி 3 முதல் 6 வாரம் செடி தண்ணீருக்குத் தவித்தால், நிலத்துக்குள்ளேயே தொற்று ஏறிவிடும். அந்த நாள்களில் வெயில் காய்ந்தால் தண்ணீர் ஊற்றுங்கள்.

அடுத்த முறை இரண்டு காயை உடைத்துப் பாருங்கள்; ஓட்டின் உள்பக்கம் கறுத்திருந்தால் முற்றிவிட்டது. பிடுங்கிய செடியைக் காய் மேலே பார்க்கும்படி கவிழ்த்துப் போடுங்கள். மழை வந்தால் அஞ்சடியில், அதாவது வீட்டு முன்னால் கூரை போட்ட நடையில், தார்ப்பாய் விரித்து, காயை மெல்லிசாகப் பரப்பி, பக்கத்தில் மின் காற்றாடி வையுங்கள். மின்கட்டணம் கொஞ்சம் ஏறும், ஏறட்டும். மண்வெட்டி பட்டதையும் சுருங்கியதையும் முதலிலேயே கழித்துவிடுங்கள், பூசணம் நுழைகிற வாசல் அவைதான். பருப்பின் ஈரம் 8 சதவீதத்துக்குக் கீழே வரவேண்டும். வீட்டில் அளக்கக் கருவி ஏது? காயைக் காதருகே ஆட்டிப் பாருங்கள்; கலகலவென்று சத்தம் கேட்கும்வரை சாக்குப் பக்கமே போகவேண்டாம்.