ஃபோர்மேனில் போர்ட் 3000 திறக்கவில்லையா?

3000-ஐ விடுங்கள், பிரவுசரில் 5000-ல் திறந்து பாருங்கள். தனியாக ஓட்டினால் வரும் ரெயில்ஸ் வெப் ஆப், பல புரோகிராம்களைச் சேர்த்து ஓட்டும் ஃபோர்மேனில் 'ஃபோர்மேன் ஸ்டார்ட்' கொடுத்தால் வருவதில்லை என்றீர்களே, சர்வர் விழவில்லை, போர்ட்தான் மாறியிருக்கிறது.

நம் பக்கத்து வளவு வீட்டில் புள்ளிக்கு, அதாவது மணமான தம்பதிக்கு, ஓர் அறை ஒதுக்குவதுபோல, ஃபோர்மேன் தானாகவே, எதையெல்லாம் ஓட்ட வேண்டும் என்று பட்டியலிடும் புரோக்ஃபைலின் முதல் வரிக்கு 5000, அடுத்ததற்கு 5100 என்று ஒதுக்கிவிடும். ரெயில்ஸின் வெப் சர்வரான பூமா அதையே எடுத்துக்கொள்ளும். டெர்மினலில் 'லிசனிங் ஆன்' வரியைப் பாருங்கள், எண் அங்கேயே இருக்கும். 3000தான் வேண்டுமென்றால் புரோக்ஃபைலில் வெப் வரியின் கடைசியில் '-p 3000' சேருங்கள்.

அப்புறம், பின்னணி வேலைகளைச் செய்யும் சைட்கிக் மட்டும் நின்றாலும் ஃபோர்மேன் எல்லாவற்றையும் நிறுத்திவிடும். காரைக்குடியில் கரண்ட் போய் வந்தால், முதலில் சைட்கிக்குக்குத் தேவையான ரெடிஸ் டேட்டாபேஸ் ஓடுகிறதா என்று பார்த்துவிடுங்கள்.