மதுரை வெயிலில் வீட்டின் வெளிச்சுவருக்கு மரப்பலகை தாங்குமா?

மதுரையில் புதிதாகக் கட்டும் வீட்டின் முன்சுவரில் மரப்பலகை பொருத்த ஆசைப்படுவதாகவும், எந்த மரம் வாங்குவது, எப்படிப் பொருத்துவது என்று தெரியவில்லை என்றும், எல்லோரும் வேண்டாம் என்றே சொல்வதாகவும் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம் என்றவர்களில் உங்கள் பொறியாளரும் ஒருவராக இருப்பார் என்று நினைக்கிறேன். நாகமலைப் புதுக்கோட்டையில் நாங்கள் வீடு கட்டியபோது எங்களிடமும் அதையே சொன்னார்கள். மர நிறத்தில் வரும் டைல்ஸை ஒட்டிவிட்டுப் போகலாம், அசல் மரம் இந்த வெயிலுக்கு ஆகாது என்றார்கள். எங்கள் முன்சுவரில் ஏறிய தேக்குப் பலகைகள் பல ஐப்பசி மழைகளைப் பார்த்துவிட்டு இன்றும் நேராக நிற்கின்றன. நான் பொறியாளரும் அல்லன், மர வியாபாரியும் அல்லன். எங்கள் சுவரில் செய்ததையும் அதைச் செய்த ஆசாரியிடம் கேட்டு அறிந்ததையும் மட்டுமே எழுதுகிறேன்.

எந்த மரம் என்பதற்கு முன் எந்தச் சுவர் என்று பாருங்கள். மதுரை ஏறத்தாழ 10 டிகிரி வட அட்சரேகையில் இருப்பதால், சித்திரை தொடங்கி ஆவணி முற்பகுதி வரை உச்சிச் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது. ஆகவே வடக்குச் சுவரில் வெயிலே படாது என்று வெளிநாட்டுக் காணொளிகளைப் பார்த்து நம்பிவிட வேண்டாம். ஆனால் அந்த வெயில் உயரத்திலிருந்து இறங்குவதால், இரண்டடி சன்ஷேடு அதில் பெரும்பகுதியைத் தடுத்துவிடும். மேற்குச் சுவரில் மாலை வெயில் கிடையாக வந்து விழும்போது சன்ஷேடு எதற்கும் உதவாது. எங்கள் வீடு வடக்குப் பார்த்தது. மேற்குப் பார்த்ததாக இருந்திருந்தால், முகப்புத் திண்ணைக்கு உள்ளடங்கிய சுவரோடு மரத்தை நிறுத்தியிருப்பேன்.

செட்டிநாட்டு வீடுகளில் பர்மாத் தேக்குத் தூண்கள் தாழ்வார நிழலில்தான் நிற்கின்றன, மரத்தை வெளிச்சுவரில் காட்டுவது நம் வழக்கமே இல்லை என்று யாரேனும் மறுக்கலாம். உண்மைதான். குளிர் நாடுகளில் அது வழக்கம். நார்வேயில் 12ஆம் நூற்றாண்டில் எழுந்த ஊர்னெஸ் மரத் தேவாலயம் இன்றும் இருக்கிறது என்றால், அதன் மரம் மண்ணைத் தொடாமல் கல்லின்மேல் நிற்பதும் ஒரு காரணம். நம் ஊர் ஆசாரிகளும் தூணுக்குக் கீழே கல் வைத்தது அதற்காகவே.

மரத்தைப் பொறுத்தவரை, தேக்கு என்று கேட்டு வாங்குவது போதாது. சேகு எனப்படும் கருத்த உள்மரம் எவ்வளவு, வெள்ளை எனப்படும் வெளிறிய வெளிமரம் எவ்வளவு என்று பார்த்து வாங்க வேண்டும். கரையானையும் பூஞ்சையையும் தடுக்கும் சத்து சேகில்தான் இருக்கிறது. தேக்கின் வெள்ளைப் பகுதி எந்த மட்டமான மரத்தையும் போலவே அரிக்கப்படும். கானாத் தேக்கு, நைஜீரியாத் தேக்கு என்று வருபவற்றில் பெரும்பாலானவை தோட்டங்களில் வளர்ந்த இளமரங்கள் என்பதால், வெள்ளை அதிகம் வர வாய்ப்புண்டு. அதற்காக அவை எல்லாம் மோசம் என்று நான் சொல்லவில்லை; பொறுக்கி எடுத்தால் நல்ல பலகை அவற்றிலும் கிடைக்கும். நாங்கள் சென்ற ஒரு கடையில் பலகைகள் அனைத்தும் ஒரே சீரான தேன் நிறத்தில் அடுக்கியிருந்தன. எங்கள் ஆசாரி ஒன்றும் பேசாமல் ஒரு பலகையின் விளிம்பை உளியால் லேசாகச் சுரண்டினார். நிறம் தூளாக உதிர்ந்து, அடியில் விரலகலத்துக்கு வெளுத்த பட்டை தெரிந்தது. கடைக்காரர் அதற்கும் சேகு விலையே சொன்னதோடு, பலகையைக் கீறியதற்காக எங்களிடம் சத்தமும் போட்டார். கன அடிக் கணக்கில் பணம் வாங்குகிறவர் நிறம் பூசி விற்பதை வியாபாரம் என்று என்னால் ஏற்க முடியாது. ஆகவே பூச்சு இல்லாத, இழைக்காத பலகையாகவே வாங்கி, உங்கள் ஆளை வைத்து இழைத்துக்கொள்ளுங்கள். அகலம் நான்கு அங்குலத்தைத் தாண்ட வேண்டாம். அகலப் பலகை வெயிலில் கிண்ணம்போல் வளையும்.

இனி, செலவில் எதைக் குறைத்தாலும் குறைக்கக் கூடாத வேலை ஒன்று உண்டு. எங்கள் ஒப்பந்தக்காரர் பலகையைப் பசை வைத்துச் சுவரோடு ஒட்டிவிடலாம் என்றார். ஆசாரி கேட்டார்: “சிமெண்டோட மரத்த ஒட்டுனா, செவத்து ஈரம் எங்கிட்டு சார் போகும்?” அந்தக் கேள்விக்கு யாரிடமும் பதில் இல்லை. மழையில் சுவர் குடிக்கும் நீரும், பலகை இடுக்கில் இறங்கும் நீரும் காய்வதற்குப் பின்னால் காற்றோட்டம் வேண்டும். பலகைகளைக் கிடையாக ஓட்டினோம். ஆகவே சுவரில் ஓரங்குல கனமுள்ள ரீப்பர்களை, அதாவது மரச் சட்டங்களை, செங்குத்தாக, ஒன்றரை அடிக்கு ஒன்றாக அடித்து, அவற்றின்மேல் பலகைகளைப் பொருத்தினோம். ரீப்பருக்கும் மட்டமான மரம் ஆகாது. கரையான் முதலில் அதைத்தான் தேடும். அடியிலும் மேலும் அந்த இடைவெளி திறந்திருக்கிறது. எலியும் குளவியும் புகாதபடி துருப்பிடிக்காத கம்பி வலை மட்டும் வைத்தோம். செங்குத்துப் பலகைதான் வேண்டும் என்றால், கிடை ரீப்பர் காற்றை மறித்துவிடும். அதற்கு அடியில் இன்னொரு வரிசைச் செங்குத்து ரீப்பர் தேவைப்படும்.

கடைசிப் பலகை தரையிலிருந்து ஆறு அங்குலமாவது மேலே நிற்கட்டும். தெறிக்கும் மழைநீருக்காக மட்டும் அல்ல. கரையான் ஏறினால் அதன் மண் கோடு அந்த வெற்றுச் சுவரில் கண்ணுக்குத் தெரிய வேண்டும். திருகாணி எல்லாம் 304 ரக எஸ்.எஸ்., அதாவது துருப்பிடிக்காத எஃகாக, இருக்கட்டும். இரும்பு ஆணி அடித்தால், தேக்கில் உள்ள துவர்ப்பும் இரும்பும் ஈரத்தில் சேர்ந்து, ஒவ்வோர் ஆணிக்குக் கீழும் கறுப்புக் கோடு இறங்கும். என் தங்கை வீட்டுச் சுவர் இப்போது அப்படித்தான் இருக்கிறது. பலகையை அறுத்த முனைகளை ஆசாரி எண்ணெயில் தோய்த்து எடுத்த பிறகே ஏற்றினார். அறுத்த முனையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள், உடனே உறிஞ்சிக்கொள்ளும். பலகையின் முகத்தில் விட்டால் அப்படியே நிற்கும். கோடையில் பொருத்தினால் பலகைகளுக்கு இடையே சற்றுக் கூடுதலாக இடம் விடுங்கள், ஐப்பசியில் ஊதும்.

இவ்வளவு யோசித்துச் செய்த ஆசாரிக்கு, மதிப்பீட்டுத் தாளில் ‘எலிவேஷன் வேலை’ என்ற ஒற்றை வரியில் சதுர அடிக் கூலி போட்டிருந்தார்கள், அதுவும் டைல்ஸ் ஒட்டும் கூலிக்குக் குறைவாக. நான் அதை மாற்றி நாள் கூலியாகக் கொடுத்தேன். சதுர அடிக்குக் கூலி என்றால் முனைகளை எண்ணெயில் தோய்க்க எவருக்கு நேரம் இருக்கும்? மதுரையில் நல்ல தச்சு வேலை குறைந்துவிட்டது என்று வருந்துகிறவர்கள் அந்தத் தாளையும் ஒருமுறை பார்க்க வேண்டும்.

பூச்சுக்கு வார்னிஷ் வேண்டாம். ஒளி ஊடுருவும் அந்தப் படலத்தின் அடியில் மரம் வெயிலால் சிதையும், பிறகு படலமே வெடித்து நீர் உள்ளே தங்கும். பூஞ்சைத் தடுப்பு கலந்த வெளிப்புற மர எண்ணெயை ஆண்டுக்கு ஒருமுறை, புரட்டாசிக்குள் பூசினால் நிறம் நிற்கும். பூசாவிட்டால் சாம்பல் நிறமாகும். அது உளுத்தல் அல்ல, மேற்பரப்பில் மட்டும் நடப்பது. பலகைக்குப் பின்னுள்ள இடைவெளி தீயை மேலே இழுக்கும் என்பதால், மீட்டர் பெட்டியைச் சுற்றி மரம் வேண்டாம், ஒயரைக் குழாய் இன்றிப் பின்னால் ஓட்டவும் வேண்டாம். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டுவிடாதீர்கள். பல மர எண்ணெய்களில் இருக்கும் ஆளிவிதை எண்ணெய் காயும்போது சூடேறித் துணி தானாகவே தீப்பற்றக்கூடும். அதைத் தண்ணீரில் நனைத்தோ வெளியே விரித்துக் காயவைத்தோ பிறகு அப்புறப்படுத்துங்கள்.