புல்லட் எஞ்சின் கவரில் கோடு போகவில்லை என்றால்

நண்பரே, புல்லட்டின் அலுமினிய எஞ்சின் கவரைப் பளபளப்பாக்கப் பார்த்தும் கோடுகள் போகவில்லை என்று கேட்டிருந்தீர்கள். 220 எண் உப்புத்தாளில் (எண் கூடக்கூடத் தாள் நைசாகும்) தேய்த்துவிட்டு நேராக மெட்டல் பாலிஷுக்குப் போயிருக்கிறீர்கள். அதனால்தான் எவ்வளவு தேய்த்தும் வெயிலில் கோடுகள் தெரிகின்றன. 220 கீறிய ஆழத்தைப் பாலிஷால் எடுக்க முடியாது.

வாட்டர் பேப்பர், அதாவது தண்ணீர் விட்டுத் தேய்க்கும் உப்புத்தாள், வாங்குங்கள்: 400, 600, 800, 1000, 1500, 2000. ஒன்றையும் தாண்டாதீர்கள். தண்ணீரில் இரண்டு சொட்டு பாத்திர சோப்பு விட்டுத் தேயுங்கள். 400-ஐ நெடுக்காகத் தேய்த்தால் 600-ஐக் குறுக்காகத் தேய்க்க வேண்டும். நெடுக்குக் கோடு ஒன்றுகூட மிஞ்சாதபோதுதான் அடுத்த தாள். பாதி நேரம் 400-லேயே போய்விடும், போகட்டும். அங்கே அவசரப்பட்டால் 2000-ல் வந்து காட்டிக்கொடுக்கும். தாள் மாற்றும்போதெல்லாம் கவரைக் கழுவுங்கள், பழைய துகள் ஒட்டியிருந்தால் புதுக் கோடு விழும்.

அப்புறம் பாலிஷ். துணி கருப்பாவதைப் பார்த்துப் பயப்படாதீர்கள், அது உரிந்து வரும் அலுமினியம்தான். காய்வதற்குள் சுத்தமான பருத்தித் துணியால் துடைத்துவிடுங்கள். வார்ப்பு உலோகம் என்பதால் அங்கங்கே ஊசிமுனைக் குழி தெரியலாம். அதைத் துரத்தித் துரத்தித் தேய்க்க வேண்டாம். காஸ்டிக் சோடா பக்கம் மட்டும் போகவே போகாதீர்கள், அலுமினியத்தை அரித்துவிடும்.