வாசலில் நான்கு படி, கையில் ஆணையரின் நோட்டீஸ்

கேள்வி: ரத்தப் பரிசோதனை நிலையம் நடத்துகிறேன். வாடகைக் கட்டடம், முப்பது வருடப் பழசு, வாசலில் நான்கு படி. இரண்டு மாதம் முன்பு சக்கர நாற்காலியில் வந்தவரை மேலே ஏற்ற வழியில்லாததால், எங்கள் டெக்னீஷியன் இறங்கிப் போய் ஆட்டோவிலேயே வைத்து ரத்தம் எடுத்தார். உதவிதான் செய்தோம். அவரோ தெருவில் வைத்து அவமானப்படுத்தியதாக மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் புகார் கொடுத்துவிட்டார். புகாரில் சிறைத் தண்டனைப் பிரிவெல்லாம் இருக்கிறது. சாய்தளம் போடக் கட்டட உரிமையாளர் சம்மதிக்கவில்லை. சிறிய தனியார் நிலையங்களுக்கும் இந்தச் சட்டம் பொருந்துமா?

பதில்: சிறை பயத்தை முதலில் இறக்கி வைத்துவிடுவோம். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016-இன் பிரிவு 92 கடுமையானதுதான். 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறை, கூடவே அபராதம். ஆனால் இழிவுபடுத்தும் நோக்கத்தோடு, வேண்டுமென்றே, பொதுமக்கள் பார்வையில் அவமதித்திருக்க வேண்டும். நீங்கள் எழுதியிருப்பது அப்படியே உண்மையென்றால் அந்த நோக்கத்தை நிரூபிப்பது கடினம். அன்றைய சிசிடிவி பதிவு இருந்தால் இன்றே தனியாகச் சேமித்து வையுங்கள். உங்களுக்குச் சாதகமோ பாதகமோ, நோட்டீஸ் வந்தபின் பதிவு காணாமல் போனால் யாரும் நல்ல விதமாக நினைக்க மாட்டார்கள்.

சட்டம் உங்களுக்குப் பொருந்தும். பொதுமக்கள் வந்துபோகும் தனியார் கட்டடமும் பிரிவு 2-இன்படி ‘பொதுக் கட்டடம்’தான், வணிகம், மருத்துவ சேவை இரண்டும் அதில் பெயர் சொல்லியே குறிப்பிடப்பட்டிருக்கின்றன. பழைய கட்டடங்களுக்குப் பிரிவு 45, விதிகள் அறிவிக்கப்பட்டதிலிருந்து 5 ஆண்டு கொடுத்தது. சேவை வழங்குபவர்களுக்குப் பிரிவு 46 கொடுத்தது 2 ஆண்டுதான். அதிலும் ‘அரசோ தனியாரோ’ என்று தெளிவாகவே எழுதியிருக்கிறது. விதிகள் வந்தது 2017 ஜூனில். கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். மீறலுக்குப் பிரிவு 89: முதல் முறை 10,000 ரூபாய் வரை அபராதம், அடுத்தடுத்த முறை 50,000 முதல் 5 லட்சம் வரை.

இங்கே உங்கள் வழக்கறிஞர் ஒரு வாதத்தை எடுத்துக்கொண்டு வரக்கூடும். ராஜீவ் ரத்தூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2024 நவம்பர் 8 அன்று, அந்த 2017 விதிகளில் அணுகல் தரங்களை, அதாவது மாற்றுத்திறனாளிகள் வந்துபோகும்படி இடம் எப்படி இருக்க வேண்டும் என்பதைச் சொல்லும் விதி 15(1) செல்லாது என்றது. ‘விதியே போய்விட்டது, கெடு எங்கே இருக்கிறது?’ என்று கேட்கலாம். ஆனால் தீர்ப்பைப் படித்தவர் எவரும் இதை ஆணையருக்குப் போடும் பதில் மனுவின் முதல் பத்தியில் எழுத மாட்டார். அந்த விதி பரிந்துரை மாதிரி இளகலாக இருந்ததுதான் நீதிமன்றத்தின் குறை. கட்டாயமான விதிகளை 3 மாதத்துக்குள் வகுக்கச் சொல்லித்தான் அதை ரத்து செய்தார்கள். தவிர, ஒருவருக்குத் தேவையான நியாயமான ஏற்பாட்டைச் செய்ய மறுப்பதே பாகுபாடு என்று சட்டத்தின் வரையறை சொல்கிறது. அதற்கும் விதி 15-க்கும் சம்பந்தமில்லை. பதில் மனு போடும் நாளில் எந்த விதி நடைமுறையில் இருக்கிறது என்பதை மட்டும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் சறுக்குவது ‘உதவிதான் செய்தோம்’ என்ற வரியில். அதே தீர்ப்பு இரண்டைப் பிரித்துக் காட்டுகிறது. ஒருவர் வந்து நின்றபின் அவருக்கென்று செய்து தருவது ஓர் ஏற்பாடு. அவர் வருவதற்கு முன்பே இடம் தயாராக இருப்பது அணுகல். ஒன்று மற்றதற்கு ஈடாகாது. ஆட்டோவில் ரத்தம் எடுத்தது முதல் வகை. அதுவும் தெருவில் நாலு பேர் வேடிக்கை பார்க்க. உங்கள் ஊழியரின் மனம் நல்லதாகவே இருந்திருக்கலாம். கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் நீங்கள் இல்லை.

ஆகவே மனு எழுதுமுன் இடத்தை அளந்து பாருங்கள். கையில் டேப், கூடவே சக்கர நாற்காலி பயன்படுத்தும் ஒருவர், பார்வையற்ற ஒருவர். அவர்கள் இல்லாமல் செய்யும் ஆய்வு பாதி ஆய்வு. தெருவில் தொடங்கி ரிப்போர்ட் கைக்கு வரும் வரை அவர்கள் போகும் வழியே போங்கள். ஒரு படி 15 செ.மீ. என்றால் நான்கு படி 60 செ.மீ. மத்திய அரசின் 2021 வழிகாட்டு நெறிகள் கேட்கும் சரிவு 1:12. அதாவது 7.2 மீட்டர் நீளச் சாய்தளம். இதைக் கணக்குப் போடாமல்தான் பலரும் வாசலில் செங்குத்தாக ஒரு சிமெண்ட் சறுக்கு மரம் கட்டி வைக்கிறார்கள். அதில் நாற்காலி ஏறாது. ஏறினால் பின்னால் கவிழும். நடைபாதையில் நீட்டிக் கட்டினாலோ ஆக்கிரமிப்பு என்று இடிப்பார்கள்.

உள்ளே வந்தால், என் அனுபவத்தில் எல்லோரும் மறப்பது கழிவறையை. சிறுநீர் மாதிரி கேட்கும் இடத்தில் கழிவறையும் பரிசோதனையின் ஒரு பகுதிதானே? பழைய கட்டடங்களில் அதன் கதவு இரண்டரை அடி, முன்னால் ஒரு படி, உள்ளே தரையோடு பதித்த பீங்கான். நெறிகள் கேட்பது 90 செ.மீ. திறப்பு, உள்ளே நாற்காலி திரும்ப 1.5 மீட்டர் வட்டம், பிடித்துக்கொள்ளக் கம்பி. அப்புறம் சேவை. டோக்கன் எண்ணைத் திரையில் மட்டும் காட்டினால் பார்வையற்றவருக்குத் தெரியாது. குரலில் மட்டும் கூப்பிட்டால் காது கேளாதவருக்குத் தெரியாது. இரண்டையும் செய்ய ஒரு சுவரையும் இடிக்க வேண்டாம். ரிப்போர்ட்டை ஸ்கேன் செய்த படமாக வாட்ஸ்அப்பில் அனுப்பினால், பார்வையற்றவரின் போன் அதைச் சரியாக வாசித்துக் காட்டும் என்று நம்ப முடியாது. எழுத்துக் கோப்பாகவே அனுப்புங்கள்.

கட்டட உரிமையாளர் விஷயம். சொத்துரிமை மாற்றுச் சட்டம், பிரிவு 108-இன்படி அவர் சம்மதமின்றி வாடகைதாரர் நிரந்தரக் கட்டுமானம் எழுப்ப முடியாது. எனவே வாய்ப்பேச்சில் விடாமல், வரைபடத்தோடு பதிவுத் தபாலில் சம்மதம் கேளுங்கள். பிரிவு 45-ஐயும் ஆணையரின் நோட்டீஸையும் குறிப்பிட்டு, மறுத்தால் அவரையும் விசாரணையில் சேர்க்கக் கோருவேன் என்று எழுதுங்கள். பெரும்பாலும் கடிதத்துக்குப் பின் பேச்சு மாறும்.

ஜெனரேட்டர் பக்கமுள்ள கதவு தரை மட்டத்தில் இருப்பதாகப் போனில் சொன்னீர்கள். அதை ஏன் எல்லோருக்குமான வாசலாக மாற்றக் கூடாது? மாற்றுத்திறனாளிகளை மட்டும் குப்பைத்தொட்டி வழியே அனுப்பினால் அடுத்த புகார் நியாயமாகவே வரும். பாதையைச் சுத்தம் செய்து, விளக்குப் போட்டு, தெருவிலிருந்தே தெரியும்படி பலகை வையுங்கள்.

ஆணையருக்குச் சாட்சிகளை அழைக்கவும் ஆவணம் கேட்கவும் சிவில் நீதிமன்ற அதிகாரம் உண்டு. மழுப்பல் வேண்டாம். அளவுகளும் படங்களும், எந்த வேலை எந்தத் தேதிக்குள் என்பதும், உரிமையாளருக்கு எழுதிய கடிதத்தின் நகலும் மனுவோடு போகட்டும். நடந்ததற்கு வருத்தம் தெரிவித்து ஒரு வரி எழுதினால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடாது; ‘எங்கள் வாசல் உங்களுக்கு வசதியாக இல்லாததற்கு வருந்துகிறோம்’ என்பது போதும்.

இன்னொன்று. நீங்கள் அனுப்பிய ரசீது நகலில் அவரிடம் ‘வீட்டுக்கு வந்து மாதிரி எடுத்த கட்டணம்’ வாங்கியிருக்கிறீர்கள். ஆட்டோ வரைக்கும் நான்கு படி இறங்கியதற்கு! அந்தப் பணத்தை இன்றே திருப்பி அனுப்பி, அனுப்பிய சீட்டை மனுவில் முதல் இணைப்பாக வையுங்கள்.