சுனாமி வீட்டுப் பட்டா: தரகருக்குப் ‘பவர்’ எழுதிக் கொடுக்கலாமா?

கேள்வி: நாகப்பட்டினத்தை அடுத்த அக்கரைப்பேட்டையில் கடலோரம் இருந்த எங்கள் வீடு 2004 சுனாமியில் போயிற்று. பிறகு கிடைத்த வீட்டின் பட்டா அப்பா, அம்மா இருவர் பெயரிலும் உள்ளது. 2019-இல் அப்பா காலமானார். தங்கைக்குத் திருமணமாகிவிட்டது. திருப்பூரில் வேலை பார்க்கும் நான் குடும்பத்துடன் ஊர் திரும்ப நினைக்கிறேன். ‘பவர்’ (அதிகாரப் பத்திரம்) எழுதிக் கொடுத்தால் பட்டாவை என் பெயருக்கு மாற்றி, பழைய மனையையும் மீட்டுத் தருவதாக ஒரு தரகர் சொல்கிறார். நம்பலாமா?

பதில்: நம்ப வேண்டாம். கடலிலிருந்து 200 மீட்டருக்குள் வீடு இழந்தவர்கள் புதிய வீடு பெற வேண்டுமானால், பழைய வீட்டையும் மனையையும் அரசுக்கு எழுதிக் கொடுத்துவிட வேண்டும் என்பது 30.3.2005 தேதியிட்ட 172-ஆம் எண் அரசாணையின் நிபந்தனை. அப்படி அரசுக்குப் போன மனையை எந்தத் தரகராலும் மீட்க முடியாது. அவருடைய கண் உங்கள் இப்போதைய வீட்டின் மேல்தான் இருக்கும்.

பிள்ளைகள் வெளியூரில், வயதான தாய் மட்டும் வீட்டில், பட்டாவோ இறந்தவர் பெயரில் என்றிருக்கும் இத்தகைய வீடுகளைத்தான் தரகர்கள் தேடி வருகிறார்கள்.

‘பவர்’ என்பது உங்கள் சார்பில் கையெழுத்திடும் அதிகாரம். அதைக் காட்டி தரகர் வீட்டை அடமானம் வைக்கலாம், விற்பனை ஒப்பந்தம் போடலாம். ‘பவர்’ மூலம் மட்டும் சொத்துரிமை மாறாது என்று 2011-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனாலும் ஒப்பந்தத்தை ரத்து செய்ய நீதிமன்றத்துக்கு அலையப்போவது நீங்கள்தான்.

மேலும், வீடு உங்கள் ஒருவருடையது அல்ல. பாதி அம்மாவுடையது. அப்பாவின் பாதி, இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, அம்மா, நீங்கள், தங்கை மூவருக்கும் சமமாகப் போகும். ஆகவே உங்கள் பங்கு ஆறில் ஒன்றுதான். இங்கே பலர் தவறவிடும் ஒன்று உண்டு: அப்பா இறந்த அன்று அவரைப் பெற்ற பாட்டி உயிரோடு இருந்தாரா? இருந்திருந்தால் அந்தப் பாதி நான்காகப் பிரியும். பாட்டி பின்னர் காலமாகியிருந்தாலும் அவர் பங்கு மறைந்துவிடாது. அது அவருடைய மற்ற பிள்ளைகளுக்கும் போகும், அதாவது உங்கள் சித்தப்பாவும் அத்தையும் கையெழுத்திட வேண்டியிருக்கும். பாட்டியின் பெயரை விட்டுவிட்டு வாங்கிய வாரிசுச் சான்றிதழ் பிறகு வழக்காக வந்து நிற்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இ-சேவை மையத்தில் வாரிசுச் சான்றிதழுக்கு நீங்களே விண்ணப்பியுங்கள். செலவு நூறு ரூபாய்க்குள்தான். பிறகு வாரிசுகள் எல்லோர் பெயரும் உள்ள கூட்டுப் பட்டாவுக்கு மனு கொடுங்கள். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று மனு ஊர்வதற்குள் பொறுமை போய்விடும். பேரிடரில் வீடு கொடுத்த அரசுக்கு, வீட்டுக்காரர் இறந்தால் பெயரை மாற்ற ஓர் எளிய வழி வைக்கத் தோன்றவில்லை. அந்தத் தாமதம்தான் தரகரின் மூலதனம். மனு திரும்பி வந்தால் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பட்டாவில் அச்சிட்டுள்ள நிபந்தனைகளை, குறிப்பாக விற்பனைத் தடை பற்றிய வரியை, அம்மாவுக்கு வாசித்துக் காட்டுங்கள். அசல் பட்டாவை யார் கேட்டாலும் ஜெராக்ஸ் மட்டுமே கொடுக்கச் சொல்லுங்கள்.