கலிபோர்னியாவின் ‘மூன்றாம் குற்றம்’ சட்டத்தில் 2012-ல் என்ன மாறியது?

1994 சட்டப்படி, கடுமையான அல்லது வன்முறைக் குற்றங்களுக்காக இரண்டு முறை தண்டனை பெற்றவர் மூன்றாவதாக எந்தப் பெருங்குற்றம் (felony என்ற சட்ட வகை) செய்தாலும் குறைந்தது 25 ஆண்டு முதல் ஆயுள் வரை சிறை. சிக்கலே அந்த ‘எந்த’ என்ற சொல்தான். அப்போது சில்லறைத் திருட்டுகூட, முன்பு திருட்டுத் தண்டனை இருந்தால், பெருங்குற்றமாகப் பதிவாக முடிந்தது. சுமார் 150 டாலர் மதிப்புள்ள வீடியோ கேசட்டுகளை இரண்டு தடவையாகத் திருடிய ஒருவருக்கு 25+25, அதாவது குறைந்தது 50 ஆண்டு. 2003-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில் அதை நிற்கவிட்டது. குற்றத்துக்கும் தண்டனைக்கும் எந்தப் பொருத்தமும் இல்லாத தீர்ப்பு அது.

2012 நவம்பரில் வாக்காளர்கள் ஏற்ற ‘முன்மொழிவு 36’ இதைத் திருத்தியது. இப்போது மூன்றாவது குற்றமும் கடுமையானதாகவோ வன்முறையாகவோ இருக்க வேண்டும். இல்லையேல் வழக்கமான தண்டனையின் இரு மடங்குதான். குற்றத்தின்போது துப்பாக்கி வைத்திருந்தாலோ, முன்பு கொலை, பாலியல் வன்முறை போன்றவற்றுக்குத் தண்டனை பெற்றிருந்தாலோ இந்தச் சலுகை கிடையாது.

ஏற்கெனவே சிறையில் இருந்தவர்கள் தண்டனை வழங்கிய நீதிமன்றத்திலேயே மனு போட 2014 நவம்பர் வரை இரண்டு ஆண்டு அவகாசம் இருந்தது; அதன் பிறகு மனு போடத் தாமதத்துக்குத் தக்க காரணம் காட்ட வேண்டும். தகுதி இருந்தும் மனு தோற்பது பெரும்பாலும் ஒரே இடத்தில்: விடுவித்தால் பொதுமக்களுக்கு ஆபத்து என்று நீதிபதி கருதினால் மறுக்கலாம். அதற்குச் சிறை ஒழுங்கு நடவடிக்கைப் பதிவுகளையும் பார்ப்பார். ஆகவே மனுவோடு சிறையில் முடித்த படிப்பு, பயிற்சிச் சான்றுகளையும் வெளியே தங்குமிடம், வேலைக்கான உறுதிக் கடிதங்களையும் இணைப்பது அவசியம்.