டாக்டர் பதில்கள்: பெரிய டாக்டரையே கேள்வி கேட்கலாமா?

கேள்வி: என் மகள் குழந்தை மருத்துவத்தில் எம்.டி. இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். முப்பது வருட அனுபவமுள்ள டாக்டர் எழுதிய மருந்தைப் பார்த்துக்கூட "இதுக்கு ஆதாரம் இருக்கா?" என்கிறாள். பெரியவர்களை எதிர்த்துப் பேசத்தான் கல்லூரியில் சொல்லித் தருகிறார்களா?
— ஒரு தகப்பனார், அம்மாபேட்டை

பதில்: அந்தப் பழி என்னையும் சேரும், ஐயா. சிகிச்சைக்கு ஆதாரம் இருக்கிறதா என்று கேட்கச் சொல்லித் தரும் வகுப்பை, ஓய்வு பெறும் வரை வியாழக்கிழமை சாயங்காலம் எடுத்தவன் நான். தட்டுவடை செட் வாங்கி வைத்தால்தான் பிள்ளைகள் வருவார்கள் என்பது வேறு விஷயம்.

முதல் வருடம் ஸ்லைடு போட்டுப் புள்ளியியல் நடத்தினேன். பாதிப் பேர் தூங்கினார்கள். அடுத்த வருடம் அன்று காலை ரவுண்ட்ஸில் பார்த்த ஒரு குழந்தையை வைத்தே ஆரம்பித்தேன். எப்படிப்பட்ட குழந்தை, என்ன சிகிச்சை, அதற்குப் பதில் என்ன செய்யலாம், எதைப் பலன் என்போம்? நாலையும் ஒரே கேள்வியாக எழுதச் சொல்வேன். அதற்கே அரை மணி நேரம் போய்விடும்.

மருந்து கொடுத்தோம், குழந்தை தேறியது என்பது அனுபவத்தில் தெரியும். கொடுக்காமல் விட்டிருந்தால்? காய்ச்சலோடு கை கால் சில்லிட்டு வரும் குழந்தைக்கு வேகமாக சலைன் ஏற்று என்று நானும் வருடக்கணக்கில் சொல்லிக்கொடுத்தேன். 2011-ல் ஃபீஸ்ட் (FEAST) என்ற ஆய்வு வந்தது. கென்யா, உகாண்டா, தான்சானியாவில் 3,141 குழந்தைகள். வேகமாக ஏற்றாதவர்களில் 48 மணி நேரத்துக்குள் இறந்தவர்கள் நூற்றுக்கு 7.3. சலைனை வேகமாக ஏற்றியவர்களில் 10.5. படித்துவிட்டுப் பழைய கேஸ்களை மனதுக்குள் புரட்டினேன். தேறி வீட்டுக்குப் போன முகங்கள் மட்டும்தான் ஞாபகத்துக்கு வந்தன.

"அப்போ இனிமே சலைனே வேண்டாமா சார்?" என்றார் ஒரு மாணவர். அப்புறம்தான் வகுப்பு சூடுபிடித்தது. வயிற்றுப்போக்கில் வறண்டுபோன குழந்தைகளை அந்த ஆய்வில் சேர்க்கவில்லை. சேர்த்தவர்களில் பலருக்கு மலேரியா, கடுமையான ரத்தசோகை. டெங்குவில் ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்து நாடி விழுந்துவிட்டால், அளந்து ஏற்றும் திரவம்தான் வைத்தியமே. நம் வார்டில் படுத்திருப்பது எந்தக் குழந்தை என்று கண்டுபிடிக்க அந்த முப்பது வருட அனுபவம் வேண்டும். உங்கள் மகளிடம் இதையும் சொல்லுங்கள்.

மற்றபடி அவர் கேட்கட்டும். குழந்தையின் அம்மா எதிரில் கேட்காமல் இருந்தால் சரி.

கேள்வி: ஏழு மாதப் பேரனுக்குச் சளி, இளைப்பு. "பிராங்கியோலைடிஸ்" என்றார் பயிற்சி டாக்டர். நெபுலைசர் வைக்கவில்லை, ஆன்டிபயாடிக்கும் தரவில்லை. மூக்கைச் சுத்தம் செய்து, பால் குடிக்கிறானா என்று பார்க்கச் சொன்னார். வேலை தெரியாதவரோ?
— ஒரு பாட்டி, ஏற்காடு

பதில்: நன்றாகவே தெரிந்தவர், அம்மா. பிராங்கியோலைடிஸ் என்பது நுரையீரலின் சின்ன மூச்சுக் குழாய்கள் வீங்கிக்கொள்வது; வைரஸால் வருவது. ஆன்டிபயாடிக்குக்கு அங்கே வேலையில்லை. நெபுலைசரில் சால்பூட்டமால் (மூச்சுக் குழாயை விரிக்கும் மருந்து) வைப்பதால் ஆஸ்பத்திரியில் இருக்கும் நாளும் குறைவதில்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி 2014-லேயே அது வேண்டாம் என்று சொல்லிவிட்டது. நான் பல வருடம் வைத்திருக்கிறேன். சும்மா அனுப்பினால் பாட்டிகள் கோபித்துக்கொள்வார்களே என்று!

பால் குடிப்பது பாதியாகக் குறைந்தாலோ, மூச்சு விடும்போது நெஞ்சு உள்ளே இழுத்தாலோ, உதடு நீலம் பாரித்தாலோ 108-ஐக் கூப்பிடுங்கள். பொழுது விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.